தேதியைத் தவிர எல்லாம் சரி

ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் வீட்டுத் தலைவர் அதை இருபத்தொரு நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நாள் தவறினால் தாமதக் கட்டணம். இன்னும் தாமதித்தால் எழுத்து மூலமான அனுமதி. ஒரு வருடம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. இறந்தவருக்கு இத்தனை வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று எந்த உட்பிரிவும் சொல்லவில்லை. எல்லாப் பல்லும் முளைத்திருக்க வேண்டும், மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், பந்தியில் தனி இலை போடுமளவு வளர்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. மூச்சு இருந்தது, நின்றது; அதற்கு ஒரு வரி. நான் முப்பத்துமூன்று வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். சட்டம் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசும் இடங்கள் அதிகமில்லை.

என் அக்காவுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. இறக்கும்போது அவளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். அன்றைக்கு விதியின் எண் வேறாக இருந்திருக்கும். சாரம் ஏறக்குறைய இதேதான். வீட்டுத் தலைவர் என் அப்பா, மலையாள நாட்டுத் தலைநகரில் கோர்ட்டுகள் இருக்கும் வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. விதி தெரியாதவர் என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

விஷயம் ஒரு போட்டோவிலிருந்து தொடங்கியது. நகரத்தில் பட்டம் என்ற பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் தம்பி, ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை இல்லாமல், பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அன்று ஏற்றியது ஸ்டூடியோவில் எடுத்த படம். நாற்காலியில் அம்மா. மடியில், காமிராவைப் பார்த்து முறைக்கும் ஒரு குழந்தை. பக்கத்தில் பாவாடை கட்டி, வாயெல்லாம் சிரிப்பாக அத்தங்கா. அத்தையின் மூத்த மகளை எங்கள் வீட்டு வழக்கில் அப்படித்தான் அழைப்போம். பள்ளிக்கூடத்துக்காக எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டிலேயே வளர்ந்தவள். என்னைவிட எட்டு வயது பெரியவள். முறைக்கும் குழந்தை நான் என்பது குடும்பத்தில் யாரும் சந்தேகிக்காத செய்தி. தம்பி படத்துக்கு அடியில் எழுதியிருந்தான்: "அக்காவுக்கு அப்பவே மெமோ குடுக்கற மூஞ்சி."

பத்து நிமிடத்தில் கரமனையிலிருந்து அத்தங்காவின் குரல்பதிவு வந்தது. "எடே, அது அவ இல்லை. கண்ணாடியைப் போட்டுண்டு பாரு."

குழுவில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எண்பதை நெருங்குகிறவர்கள் சொல்வதற்கு நாலைந்து கைகூப்பும் பொம்மைகளை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நான் மறுநாள் காலை ஆட்டோ பிடித்துக் கரமனைக்குப் போனேன்.

"அது நான் இல்லேன்னா பின்னே யாரு?"

"அவ."

"எவ?"

"நோக்கு முன்னாடி இருந்தவ. எடீ, தெரியாத மாதிரி பாக்காதே."

தெரியாமலில்லை. சின்ன வயதில் ஒரு தடவை அம்மா சொல்லியிருக்கிறாள், "உனக்கு முன்னாடி ஒண்ணு வந்துட்டுப் போச்சு" என்று. விருந்தாளி வந்துவிட்டுப் போனதுபோலச் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த விருந்தாளிக்கு ஒரு முகம் இருந்ததும், அந்த முகம் அறுபது வருடத்துக்கு மேலாக என் பெயரில் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

"எப்படி இத்தனை நிச்சயமா சொல்றே?"

அத்தங்கா போனில் படத்தைப் பெரிதாக்கித் தன் வாயின் மேல் விரலை வைத்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.

"ரெண்டாங் கிளாஸ்ல விழுந்த பல்லு. அந்த ஓணத்துக்கு முறுக்கு திங்க முடியாம நான் அழுதது தெருவுக்கே தெரியும். நீ பொறக்கறச்சே நான் மூணு முடிச்சாச்சு, புதுப்பல்லும் வந்தாச்சு. உன்னைக் கடிச்சே பாத்திருக்கேன்."

ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஓரத்துக் குறிப்புவரை படித்துத் திருத்தியவள் நான். தினமும் விளக்கேற்றும்போது கண்ணில் படும் படத்தில் ஒரு பல்லைப் பார்க்கவில்லை.

அன்று அத்தங்கா பேசினாள். அவளை இதைப் பற்றி யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு பகலில் தெரிந்ததுதான்.

அக்கா முதலில் சொன்ன சொல் "வேண்டா." அம்மாவுமில்லை, அப்பாவுமில்லை. பால் வேண்டா, சட்டை வேண்டா, தலை பின்ன வேண்டா. தெருவில் யார் வந்து தூக்கக் கை நீட்டினாலும் வேண்டா. நடக்கத் தொடங்கியதும் வாசல்படியில் போய் நின்றுகொள்வாள்; உள்ளே வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

அம்மை குத்துகிறவர்கள் வீடு வீடாக வந்த காலம் அது. தகரப்பெட்டியும் காக்கிச் சட்டையுமாக ஆள் தெருமுனையில் திரும்பினால் குழந்தைகளெல்லாம் நெல் பத்தாயத்துக்குப் பின்னால் ஓடி ஒளியும். இவள் ஒளியவில்லை. வழக்கம்போல வாசல்படியில் நின்றாள். "நல்ல குட்டியாணல்லோ" என்று அவர் மெச்சிக்கொண்டு கையைப் பிடித்தாராம். குத்தி முடிக்கும்வரை அசையாமல் இருந்திருக்கிறாள். இதை அத்தங்கா இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள்: முழுக்க முடிக்கவிட்டாள். அதற்குப் பிறகு அவருடைய கட்டைவிரலின் அடிச்சதையைக் கடித்தாள்.

"எட்டோ பத்தோ பல்லுதான் இருக்கும். அத்தனையையும் எறக்கிட்டா. விடமாட்டேங்கறா. மாமி, உங்கம்மா, அவ மூக்கைப் பிடிச்சாக்கும் விடுவிச்சது."

கடமையிலிருந்த அரசு ஊழியரைத் தாக்கிய குற்றம். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அதைச் செய்யத் தைரியம் வந்ததில்லை. அந்த மனிதர் கையை உதறிக்கொண்டே தன் புத்தகத்தில் என்னவோ எழுதினாராம். அந்தப் பதிவேட்டைப் பின்னால் நான் தேடிப் பார்த்தேன். பாதுகாத்து வைக்க வேண்டிய வருடங்கள் முடிந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது. விதிப்படிதான்.

எனக்கு வேறொன்று விளங்கியது. அம்மா உயிரோடிருந்தவரை, சுகாதார ஊழியர் யார் வந்தாலும், மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க வந்தவரானாலும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வந்தவரானாலும், உட்காரவைத்து நல்ல காப்பியாகக் கலந்து தருவாள். முறுக்கோ தட்டையோ கூட வைத்து, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கோ" என்பாள். அவர்கள் விழிப்பார்கள். அம்மாவுக்கு அரசாங்கத்தின்மேல் இவ்வளவு பக்தி என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவள் ஒரு கடிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்கில் மகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டும் இருந்திருப்பாள்.

இறந்த நாளும் அத்தங்காவுக்குத் தெரிந்திருந்தது. கோவில் உற்சவத்தில் சுவாமி கடலில் நீராடப் போகும் பங்குனி ஆறாட்டுக்கு மறுநாள் காலை. முதல் நாள் அப்பா அத்தங்காவை மட்டும் கோவில் மேற்கு வாசலுக்குக் கூட்டிப் போய் ஊர்வலம் காட்டினார். குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. அத்தங்கா திரும்பி வரும்போது அவளுக்காக ஓர் ஓலைப் பீப்பி கொண்டுவந்தாள்.

"ஊதிக் காட்டினேன். கையில குடுத்தேன். வேண்டான்னு எறிஞ்சுட்டா. அதான் கடைசியா பேசினது. எனக்குக் கோவம் வந்துடுத்து, கேட்டியா. நானும் அவளோட பேசலை."

சொல்லிவிட்டு அத்தங்கா சற்று நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்தாள். கோபம் இன்னும் முழுக்கத் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு எங்களில் எரியூட்டுவதில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பெண்களுக்குச் சொல்லவில்லை. பத்து நாள் காரியம் இல்லை, வருஷத் திதி இல்லை. ஒரு தலைமுழுக்கோடு முடிந்தது. அதற்கு மறுநாள் அப்பா வஞ்சியூருக்கு வேலைக்குப் போனார். வைதிகத்தின் கணக்கில் அவளுக்கு இடமில்லை. சரி, அதை நான் விட்டுவிடுகிறேன். அந்தத் துறை என் அதிகார வரம்புக்குள் வராது. முனிசிபாலிட்டியில் ஏன் சொல்லவில்லை?

"சொல்லணும்னு பக்கத்தாத்து மாமா சொன்னார். என் மாமா, உங்கப்பாதான், வேண்டாம்னுட்டார்."

"ஏன்?"

அத்தங்கா என்னைப் பார்த்தாள். "நெஜமாவே நோக்குத் தெரியாதோ? செத்தவா பொஸ்தகத்துல ஏறின பேரை அடுத்ததுக்கு வெக்கப்படாதுன்னார். வரப்போறதுக்கு அந்தப் பேர் வேணும், அதை வெட்டிடாதீங்கோன்னார்."

பெயர் அப்பாவின் அம்மாவுடையது. எங்கள் வீட்டில் மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் வைக்க வேண்டும். மூத்தவள் போய்விட்டால் மூத்தவளாகிறவளுக்கு. மூன்று மாதம் கழித்து, ஆனியில், மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி ஜில்லாவில் அம்மாவின் பிறந்தகத்தில் நான் பிறந்தேன். பெயர் தயாராகக் காத்திருந்தது. பதிவேட்டில் ஏறிய பெயரை மீண்டும் வைக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரிந்த இரண்டு புரோகித வாத்தியார்களிடம் விசாரித்தேன். எதிலும் இல்லை. சட்டத்தில் இல்லவே இல்லை. அது அப்பா தானாகவே போட்டுக்கொண்ட விதி. நாள் முழுக்கப் பதிவேடுகளோடு புழங்கியவருக்கு, பதிவேட்டில் எழுதினால்தான் சாவு சாவாகிறது என்று தோன்றியிருக்க வேண்டும்.

இத்துடன் நின்றிருந்தால் நானும் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கிளம்பும்போது போகிற போக்கில் கேட்டேன், "அவ பொறந்தது எப்போ?"

"கார்த்திகைக்கு மறுநாள். அகலெல்லாம் வாசல்ல அப்படியே கெடந்தது, எடுத்து வெக்க ஆளில்லை."

என் தலைமுறையில் எல்லோருக்கும் இரண்டு பிறந்த தேதிகள் உண்டு, கோவில் அர்ச்சனைக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. ஆபீஸ் தேதியை அப்பாவோ ஹெட்மாஸ்டரோ உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். என்னுடையதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அவள் பிறந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் தேதி, அந்த வருடத்துக் கார்த்திகைக்கு மறுநாள்.

நடந்தது இவ்வளவுதான். என் பிறப்பை அம்மாவின் பிறந்தகத்துக் கிராமத்தில் யாரும் பதியவில்லை. அப்பா என்னை வீட்டிலேயே படிக்கவைத்து, ஆறு வயது நிறையும் சமயத்தில் நேராக மூன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனார். பிறப்புச் சான்று கேட்டார்கள். பெட்டியில் ஒன்று இருந்தது. அதே பெயர், அதே தகப்பன், அதே தாய், அதே வீட்டு எண். தேதியைத் தவிர எல்லாம் சரி. பத்து விவரத்தில் ஒன்பது ஒத்துப்போகும் தாளைக் கோர்ட்டில் யாரும் தள்ளுவதில்லை என்பது அப்பாவின் அனுபவமாக இருந்திருக்கும். வகுப்பில் எப்போதும் நான்தான் குள்ளம். ஏனென்று இப்போது தெரிகிறது.

இந்த வேடிக்கையில் இன்னொரு பகுதியும் உண்டு. என் உத்தியோகத்தில் பெரும்பகுதி எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் கழிந்தது. பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி வரும் விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஜாதகத்தைக் கொண்டுவருவார்கள், ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டுவருவார்கள், ஒரு ஜீப் டிரைவர் தன் தாயாரையே கொண்டுவந்தார். எல்லாவற்றையும் நிராகரித்தேன். வேலையில் சேர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, விதி சரியான விதிதான். ஆனால் அத்தனை நிராகரிப்பிலும் கையெழுத்திட்டவள் வேறொருத்தியின் தேதியை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பிறந்த மாதத்தின் கடைசி நாளில் எனக்கு மாலை போட்டு, வாழைப்பழமும் லட்டுவும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வருடாவருடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்தில் நிரூபித்துவருகிறேன், இறந்த குழந்தையின் தேதியைச் சொல்லி.

அந்த வாரமே விண்ணப்பத்தை எழுதினேன். என் தேதியைத் திருத்தச் சொல்லி இல்லை. அவள் மரணத்தைப் பதியச் சொல்லி.

பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரில் இருந்தது பாறசாலைப் பக்கத்துப் பெண். முதலில் மலையாளத்தில் தொடங்கினாள். என் மலையாளத்தைக் கேட்டுவிட்டுத் தன் தமிழுக்கு மாறினாள்.

"மரிச்சது ஆரு மேடம்?"

"என் அக்கா."

பெயரைச் சொன்னேன். எழுதினாள். "மேடத்துக்க பேரு?" அதையே மறுபடி சொன்னேன். பேனா நின்றது.

"ஒரே பேருல ரெண்டு பேரா?"

"ஒருத்தி போனப்புறம் இன்னொருத்தி."

"அப்பன் பேரு ஒண்ணு. வீடு ஒண்ணு. டேட் ஆஃப் பெர்த்தும் ஒண்ணுதானே மேடம் வருது?"

"தேதி அவளோடது. எனக்கு இல்லை."

"அப்பம் மேடத்துக்கு?"

"எனக்குப் பிறப்புச் சான்று கிடையாது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அக்கறைதான், குறை சொல்ல முடியாது. "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா? இதுல மேடம் மரிச்சதா ஆயிப்போகும். பென்ஷன் நின்னுபோகும். பின்னே ஜீவிச்சிருக்கேன்னு சொல்லி நீங்க ஓடணும். நாங்க ஓடமாட்டோம்."

"ஓடத் தெரியும். முத்திரை போட்டு ரசீது கொடும்மா."

"என்னத்துக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. வாரிசா, சொத்தா, இன்ஷூரன்ஸா?"

படிவத்தைத் திரும்ப வாங்கி அந்தக் கட்டத்தில் நானே எழுதினேன்: இறந்தவள் இறந்தாள் என்பதற்காக.

முதல் ஆட்சேபணை ஒரு மாதத்தில் வந்தது. இறந்தவரின் அடையாள ஆவணத்தை இணைக்கவும். இரண்டு வயதில் ஆதாரோ வாக்காளர் அட்டையோ எடுக்கும் வசதி அன்று இல்லையென்று பதில் எழுதினேன். இரண்டாவது, விண்ணப்பதாரரும் இறந்தவரும் ஒரே நபர் எனத் தோன்றுகிறது, விளக்கவும். ஒரே நபராக இருந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்து இருக்காது என்று விளக்கினேன். மூன்றாவது, நேரில் கண்ட சாட்சிகள் இருவர் தேவை. அன்று வீட்டில் இருந்தவர்களில் உயிரோடிருப்பது அத்தங்கா மட்டும். இரண்டு என்பது எந்த விதியில் இருக்கிறது, எண்ணைக் குறிப்பிடவும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. விதி இல்லாத இடத்தில் வழக்கம் உட்கார்ந்திருக்கும். அதை எழுந்திருக்கச் சொன்னால் அலுவலகம் மௌனமாகிவிடும். நானும் அப்படி மௌனமாக இருந்தவள்தான்.

இதற்கிடையில், யாரும் கேட்காமலேயே, பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம் அனுப்பினேன்: என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் பிறந்த தேதி என்னுடையதல்ல, இறந்துபோன என் மூத்த சகோதரியுடையது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஒரு சான்றை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டதாக நாளைக்கு ஒருவர் கிளப்பி அக்காவுக்கான விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். அந்த வாசலை நானே அடைத்துவிட நினைத்தேன்.

பத்திரத்தின் நகலைக் குழுவில் போட்டிருந்தேன்; தம்பி அன்று மாலையே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு.

"அக்கா, நோக்கு வட்டா, பைத்தியமா? வெறுதே சும்மா இருக்கற எடத்துல எதுக்கு இந்தப் புத்திமுட்டும் தொந்தரவும்?"

"யாருக்குப் புத்திமுட்டு?"

"நோக்குத்தான். பொய்த் தேதி குடுத்து வேலையில சேந்தேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. பென்ஷனை நிறுத்தினா என்ன பண்ணுவே?"

"உங்காத்துக்கு வந்துடுவேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு நிஜமான வருத்தத்தோடு சொன்னான், "எப்பவோ போயாச்சு. அம்மாவே விட்டுட்டா. செத்தவாளை மறுபடி சாகடிக்கணுமா?"

"மறுபடி இல்லைடா. அவளை இன்னும் யாரும் ஒரு தடவைகூடச் சாகவிடலை. எனக்குப் பேர் வேணும்கறதுக்காக அப்பா நிறுத்தி வெச்சார். கூடவே தேதியையும் எடுத்து என்கிட்ட குடுத்துட்டார். போட்டோவும் என் பேர்ல தொங்கறது. அவளுக்குன்னு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான். படத்தின் கீழ் நான் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டுச் சீட்டில் அவளுடைய பிறந்த தேதியும் அவள் எங்கள் மூத்த அக்கா என்பதும் எழுதியிருந்தது. காப்பி குடிக்காமலே கிளம்பினான். ஆனால் குழுவில் 'மெமோ மூஞ்சி' என்று எழுதியிருந்ததை அன்றே அழித்துவிட்டான். நான் கவனித்தேன்.

பென்ஷன் அலுவலகத்தின் பதில் ஆச்சரியமான வேகத்தில் வந்தது. ஓய்வுக்குப் பிறகு பிறந்த தேதி குறித்த எந்தக் கோரிக்கையும் பரிசீலிக்க இயலாது; பதிவிலுள்ள தேதியே இறுதியானது. அந்த வாக்கியத்தின் நடை எனக்குப் பரிச்சயமானது. வருடக்கணக்கில் நானே எழுதிய வாக்கியம்தான். நான் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை, உண்மையைத்தான் தெரிவித்தேன். அந்த வேறுபாட்டை நானும் என் காலத்தில் கவனித்திருக்க மாட்டேன். கடிதத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

பதிவாளர் அலுவலகத்தின் மௌனம் மட்டும் நீண்டது. தகவல் உரிமைச் சட்டப்படி என் கோப்பு எங்கே, யாரிடம், எத்தனை நாளாக என்று கேட்டேன். முப்பது நாள் கழிந்ததும் மேல்முறையீடு செய்தேன். அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வரச்சொல்லி, இதில் மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள ஆர்டிஓ என்ற வருவாய்க் கோட்ட அதிகாரியின் அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்தது.

அத்தங்கா பட்டுப்புடவை உடுத்தி வந்தாள். கோர்ட் மாதிரி இடத்துக்கு வேறெப்படிப் போவதாம். இரண்டாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டில் அவளைப் பின்னாலிருந்து தாங்கியபடி ஏறியது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற என் தம்பி.

அதிகாரி இளவயதுக்காரர். என் கோப்பின் கனத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விடாமல் எழுதும் ஓய்வூதியக்காரர்களுக்கென்று வைத்திருப்பது. எட்டு வயதில் கண்டதை இத்தனை காலம் கழித்து எப்படி ஏற்பது என்று மலையாளத்தில் கேட்டார். சாட்சி சொல்ல வயது வரம்பு இல்லை, கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிந்தால் போதும், கேட்டுப் பாருங்கள் என்றேன்.

அத்தங்கா அரைத் தமிழும் அரை மலையாளமுமாக எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாட்டு, பீப்பி, வேட்டியில் சுற்றியது. அப்பா பதிய வேண்டாம் என்றதும் ஏன் என்பதும். நடுவே அம்மை குத்தினவரின் கைக்கு வந்தாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கடிச்சோ?"

"கடிச்சு. சோர வந்நு," என்றாள் அத்தங்கா, ரத்தம் வந்ததைச் சொந்தச் சாதனை போல. பிறகு போட்டோவை மேஜைமேல் வைத்தாள். "சாரே, என் பல்லைப் பாருங்கோ. ரெண்டாங் கிளாஸ்ல விழுந்தது. இதோ நிக்கறாளே, கேஸ் குடுத்தவ, அவ அப்போ வயத்துலகூட இல்லை. அப்போ இந்தக் குழந்தை யாரு? நீங்களே சொல்லுங்கோ."

அதிகாரி படத்தைப் பார்த்தார், அத்தங்காவின் பள்ளிச் சான்றில் இருந்த வருடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சொத்தோ, வழக்கோ? இல்லை. பின்னே எதற்கு? படிவத்தில் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள் என்றேன். பக்கத்தைப் புரட்டிப் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உத்தரவு தபாலில் வரும், போகலாம் என்றார்.

தபாலில் வரும் என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? இரண்டு மாதம் காத்திருந்தேன். மூன்றாம் மாதம் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நாலாம் மாதம் அதற்கு நினைவூட்டு. அத்தங்கா தினமும் காலையில் போன் செய்து, "வந்துதோ?" என்பாள். வரவில்லை என்றால், "நான் போறதுக்குள்ள வரச்சொல்லு" என்று வைத்துவிடுவாள்.

விண்ணப்பம் கொடுத்துப் பதினாறு மாதம் கழித்துத் தபால்காரர் அழைப்புமணியை அடித்தார். பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே இரண்டு தாள். ஒன்று, தாமதப் பதிவை அனுமதிக்கும் உத்தரவு. சாட்சி ஒருவரானாலும் நம்பத் தகுந்தவர் என்று அதில் ஒரு வரி. மற்றது மரணச் சான்று. என் பெயர். என் தகப்பன் பெயர், தாய் பெயர், நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டின் விலாசம். இறந்த இடம், வீடு. இறந்த நாள், அந்த வருடத்துப் பங்குனி ஆறாட்டுக்கு மறுநாள். வயது, இரண்டு வருடம் மூன்று மாதம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இல்லை. தேதியும் சரி.

அத்தங்காவுக்குப் போன் செய்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வரி வரியாகக் கேட்டாள்.

"கடிச்சதை எழுதலையோ?"

"அதுக்கு அதுல எடம் கிடையாது, அத்தங்கா."

"பின்னே என்ன சர்ட்டிபிகேட்டு," என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆகையால் இதை எழுதுகிறேன். போனை வைத்துவிட்டுப் பழைய வழக்கப்படி பேனாவைத் திறந்தேன். வரும் கடிதம் எதுவானாலும் வலது மேல்மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்துச் சுருக்கொப்பம் இடாமல் நான் மேற்கொண்டு நகர்த்தியதில்லை. அவளைப் பற்றி இந்த வீட்டுக்கு வந்த முதல் கடிதம் இது. மலையாள மாதப்படி குறித்தேன்: பெறப்பட்டது, கன்னி மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.